ஊட்டிப் படமும் தோட்டத்துக் காய்ச்சலும்



1860-களின் கடைசியில் சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர் ஊட்டியைப் படம் பிடித்தார். அந்தக் காலத்து ஊட்டிப் படங்களைப் பார்த்தால் ஏரி, மரம் குறைந்த புல்மேடு, ஆங்காங்கே பங்களா, அவ்வளவுதான். பல்லக்குத் தூக்கி மலையேறியவன் தெரியமாட்டான். அசைகிற ஆளை அன்றைய கேமரா சரியாகப் பிடிக்காது. பிடித்திருந்தாலும் அவன் பேரை யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்!

வெள்ளைக்காரர்கள் அங்கே போனது வேடிக்கை பார்க்க மட்டுமல்ல. கலெக்டர் சல்லிவன் 1822-இல் அங்கே கல்வீடு கட்டினார். அதன்பிறகு காய்ச்சலில் நொந்த சிப்பாய்களும் துரைமார்களும் உடம்பு தேற மேலே போனார்கள். கீழே கெட்ட காற்று, மேலே நல்ல காற்று என்பது அவர்கள் நம்பிக்கை. மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் அர்த்தம்.

காற்றில் ஒன்றுமில்லை. 7,000 அடிக்கு மேலே குளிர் அதிகம். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி முற்றாது. 1897-இல்தான் ரொனால்ட் ரோஸ் அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டார்.

அதே நீலகிரியில் 1860 வாக்கில் கொயினா மருந்துக்காக சின்கோனா மரம் நட்டார்கள். நடுவட்டத்தில் அந்த வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். நம்ம பினாங்கு, சிங்கப்பூர் பக்கமிருந்து அனுப்பப்பட்டவர்களும் அதில் உண்டு.

மலாயாவில் நம் பாட்டன்மாருக்கு ஏது மலை பங்களா? காட்டை வெட்டி ரப்பர் நட்டார்கள். நிழலில் கிடந்த ஓடையில் வெயில் பட்டது. வெயில்படும் தெளிந்த நீரில்தான் இங்கத்திய மலேரியாக் கொசு முட்டையிடும். லயம் லயமாகச் சாவு விழுந்தது. 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மல்கம் வாட்சன், கான் வெட்டி நீரை வடித்த பிறகே சாவு குறைந்தது.

'அதெல்லாம் பழைய கதைதானே' என்பீர்கள். மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் ஏறக்குறைய இல்லைதான். ஆனால் குரங்கு மலேரியா இருக்கிறது. நீண்ட வால் குரங்கைக் கடித்த கொசு நம்மைக் கடித்தால் வரும். கெலாங் பாத்தா பக்கம் செம்பனைக் காட்டோரம் குரங்குக்கா பஞ்சம்? இந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். இரண்டு நாள் பார்ப்போம் என்று பனடோலோடு படுத்துக்கிடந்தால் ஆபத்து.

குளிரோடு காய்ச்சல், தலைவலி, வாந்தி வந்தால் உடனே கிளினிக்குப் போங்கள். டெங்கியா மலேரியாவா என்று நெற்றியைத் தொட்டுச் சொல்ல முடியாது, ரத்தம்தான் சொல்லும். ஆஸ்பிரின் போடாதீர்கள், டெங்கியாக இருந்தால் ரத்தம் கசியும். மூச்சுத் திணறல், கண் மஞ்சள், சிறுநீர் குறைதல், பேச்சுத் தடுமாற்றம் கண்டால் நேரே பெரிய ஆஸ்பத்திரிதான். சாயங்காலம் வெளியே இருந்தால் நீளக்கைச் சட்டை போடுங்க, கொசு மருந்து பூசுங்க.

"காட்டோரம் வேலை செய்கிறேன், அங்கே குரங்கு உண்டு" என்று டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். முதல் நாள் ரத்தத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும், காய்ச்சல் நிற்காவிட்டால் மறுநாளும் போய்ச் சோதிக்கச் சொல்லுங்கள். 'நேத்துத்தானே பார்த்தோம்' என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.