சராசரிக்குள் மறைந்த பிள்ளைகள்

கடந்த பருவத்தில் எங்கள் புவியியல் வகுப்பில் ஓர் இடுபணி. டிங்கிச் சம்பவங்களை அஞ்சல் குறியீடு வாரியாகப் பிரித்து வரைபடம் தயாரிக்க வேண்டும். என் வரைபடத்தில் எங்கள் வட்டாரம் பச்சை நிறத்தில் இருந்தது. அதாவது, ஆபத்து குறைவு. ஆனால், அதே மாதத்தில்தான் எங்கள் தாமானில் அடுத்தடுத்து மூன்று வீடுகளில் டிங்கி. பக்கத்து வீட்டு அக்காவின் ஐந்து வயது மகன் ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தான்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. கோட்டை எங்கே போட்டிருக்கீங்கன்னு பாருங்க," என்றார் விரிவுரையாளர். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரைப் பற்றிப் படிக்கவும் சொன்னார்.

மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளின்ட், கார் தொழிற்சாலைகளால் வளர்ந்து, அவை மூடப்பட்டதும் வறுமையில் விழுந்த நகரம். செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் ஃபிளின்ட் ஆற்று நீரைக் குடிநீராக விநியோகிக்கத் தொடங்கினர். குழாய் அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தை அதில் சேர்க்கவில்லை. பழைய குழாய்களில் இருந்த ஈயம் கரைந்து வீட்டுக் குடிநீரில் கலந்தது.

ஈயத்தைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடல் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு ஈயம் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லும்படியான அளவே கண்டறியப்படவில்லை.

மக்கள் புகார் செய்தும், பிள்ளைகளின் இரத்தப் பரிசோதனை முடிவுகளில் பெரிய மாற்றமில்லை என்றே மாநில அதிகாரிகள் கூறினர். அவர்கள் பார்த்தது அஞ்சல் குறியீட்டின்படி. ஃபிளின்ட் முகவரி கொண்ட வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நகர எல்லைக்கு வெளியே உள்ளவை. அந்த வீடுகளுக்கு ஆற்று நீர் போகவே இல்லை. அங்குள்ள பிள்ளைகளையும் சேர்த்துச் சராசரி பார்த்ததால், பாதிக்கப்பட்ட பிள்ளைகள் கணக்கில் மறைந்துபோயினர்.

குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அத்திஷாவும் புவியியலாளர் ரிச்சர்ட் சாட்லரும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தனர். நகர எல்லைக்குள், இரத்தத்தில் ஈயம் அதிகமுள்ள பிள்ளைகளின் விகிதம் 2.4 விழுக்காட்டிலிருந்து 4.9 விழுக்காடாகக் கூடியிருந்தது. குடிநீரில் ஈயம் மிக அதிகமாக இருந்த பகுதிகளில் அது 4.0 விழுக்காட்டிலிருந்து 10.6 விழுக்காட்டுக்குத் தாவியிருந்தது. 2015 செப்டம்பரில் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை மருத்துவர் வெளியிட்டபோது முதலில் மறுத்த அதிகாரிகள், சில நாள்களில் ஒப்புக்கொண்டனர். அக்டோபரில் குடிநீர் பழைய விநியோகத்துக்கே மாற்றப்பட்டது.

ஒரே நகரில் ஏன் இந்த வேறுபாடு? பழைய வீடுகளில் ஈயக் குழாய்கள் இருக்கும். அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் சுவர்ச் சாயத்திலும் ஈயம் இருக்கலாம். அது உரிந்து தூசியாகி, தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும். ஆள்கள் காலி செய்துபோன தெருக்களில் நீர் குழாய்க்குள் நெடுநேரம் தேங்கி, மேலும் ஈயத்தைக் கரைக்கும். வசதியுள்ளவர்கள் வீடு மாறிவிடுவார்கள். மற்றவர்கள் அதே தெருவில்தான் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்த பிறகு என் இடுபணியைத் தாமான் வாரியாக மீண்டும் செய்தேன். எங்கள் தாமான் சிவப்பு நிறமானது. ஒப்படைக்கும் நாள் முடிந்துவிட்டதால் புள்ளிகள் கூடவில்லை. ஆனாலும் வரைபடத்தை அச்செடுத்து, குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வரிசையின் பின்புறக் கால்வாயில் கோத்தோங் ரோயோங் நடந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் வந்து நின்றார்.

நண்பர்களே, "உங்கள் வட்டாரத்தில் பிரச்சினை இல்லை" என்று ஏதாவது ஓர் அட்டவணை சொன்னால், ஒரு கேள்வி கேளுங்கள்: வட்டாரம் என்றால் எங்கிருந்து எங்குவரை?