மரத்தைச் சுற்றி ஒரு மகோற்சவம்

ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தின் வடபாகமாகிய பிராங்கோனியாவில், தேவாலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டதை நினைவுகூர்ந்து ஊர்தோறும் ஆண்டுக்கொருமுறை நடைபெறும் வைபவத்துக்குக் ‘கெர்வா’ என்று பெயர்; பக்தியில் பிறந்த இவ்விழாவில் இன்று பிரசங்கத்தைக் காட்டிலும் பீருக்கே கூட்டம் அதிகம் என்று சொன்னால், அவ்வூரார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

விழாவின் ஜீவநாடி கெர்வா மரம். ஊர் வாலிபர்கள் வனத்திலிருந்து நெடிய ஊசியிலை மரமொன்றை வெட்டி வந்து, உச்சிக் கிளைகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்து, பசுந்தழை வளையம் பூட்டி, இரண்டிரண்டாகப் பிணைத்த நீண்ட கழிகளால் மெல்ல மெல்ல உந்தி, ஒருவன் குரல் கொடுக்க மற்றவர் மூச்சுப் பிடிக்க, புஜபலத்தாலேயே அதை நிமிர்த்தி நாட்டுவார்கள். அண்டைக் கிராமத்துப் பிள்ளைகள் இரவோடிரவாக வந்து அதை அறுத்துவிட்டால் ஊருக்கே அவமானம். ஆகையால் கண்விழித்துக் காவல் காப்பதும் சம்பிரதாயமே.

பின்னர் ஜோடிகள் மரத்தைச் சுற்றி ஆட, பூச்செண்டு ஒன்று கைமாறிக்கொண்டே வரும். கடிகார மணி ஒலிக்கும் க்ஷணத்தில் அது யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கே ஜயம். முற்காலத்தில் பரிசு ஓர் ஆட்டுக்கடா. சில ஊர்களில் இறுதிநாளன்று கெர்வாவுக்கே போலி ஒப்பாரி வைத்து, அதைப் புதைத்தும் விடுகிறார்கள்!

லிம்மர்ஸ்டார்ஃப் கிராமத்திலோ, முதிய லிண்டன் மரத்தின் கிளைகளுக்கிடையே அமைந்த மேடையேறி ஆடுகிறார்கள். 1729 முதல் நடைபெற்றுவரும் அவ்விழா, 2014-ல் ஜெர்மனியின் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.