உணவும் நடையும் உள்ளமும்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடுகிறது. அதுவும் நோய் முற்றி, தொடங்கிய உறுப்பைவிட்டு எலும்புக்கோ ஈரலுக்கோ பரவிவிட்டது என்று தெரிந்தால், பார்க்க வருவோர் ஆளுக்கொரு பத்தியம் கூறத் தொடங்குகிறார்கள். "பாலை நிறுத்துங்கள், சர்க்கரையைத் தொடாதீர்கள், புற்று பட்டினியால் செத்துவிடும்" என்கிறார்கள்.

இது எத்துணை ஆபத்து என்பதை நாம் அறிய வேண்டும். வாயால் உண்ணாவிட்டாலும் ஈரல் குளுக்கோஸைத் தயாரித்து இரத்தத்தில் விட்டுக்கொண்டேயிருக்கும். ஆகவே பட்டினியால் புற்று சாவதில்லை. நோயாளியின் தசைதான் கரைகிறது. முற்றிய நோயில் தசை தானாகவே கரைவதும் உண்டு. எடை மிகக் குறைந்தவர்களால் சிகிச்சையின் கடுமையைத் தாங்க முடிவதில்லை. பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகிய புரத உணவுகள் அவர்களுக்கு மிகவும் தேவை. ஆனால் மருந்தினால் வாய் புண்ணாகும். நாக்கில் இரும்புச் சுவை தட்டும். அப்போது மூன்று வேளைச் சாப்பாட்டை வற்புறுத்தாமல், குழைந்த தயிர் சாதம், ஆறிய கஞ்சி என்று சிறிது சிறிதாகப் பல முறை கொடுப்பதே நலம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கொதித்தாறிய நீரும் நன்கு வெந்த உணவும்தான். கடைச் சட்னி கூடவே கூடாது!

"படுத்தே இருங்கள்" என்பதும் அன்பினால் செய்யும் தவறுதான். இந்நோயின் களைப்பு உறக்கத்தால் தீர்வதில்லை. வாசல்வரை மெல்ல நடந்தால் சற்றுக் குறைகிறது. எலும்பில் நோய் பரவியிருந்தால் முறிவு ஏற்படக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்டே நடக்க வேண்டும்.

இனி மனநிலை. அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982ஆம் ஆண்டில் வயிற்று உறையில் அரிய புற்றுநோய் கண்டது. வாழ்நாளின் இடைநிலை அளவு 8 மாதங்கள் என்று நூல்கள் கூறின. நாம் கணக்குப் பாடத்தில் படிக்கும் அதே இடைநிலை! பாதிப் பேர் 8 மாதங்களுக்குள் இறந்தால், மீதிப் பாதிப் பேர் அதைக் கடந்தவர்கள் அன்றோ? அவர் அறுவையும் மருந்தும் ஏற்று, மேலும் 20 ஆண்டுகள் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார்.

அதற்காக, தைரியமே நோயைத் தீர்க்கும் என்று நாம் எண்ணலாகாது. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வில், மன நலத்திற்கும் வாழ்நாளுக்கும் தொடர்பு காணப்படவில்லை. அழும் நோயாளியிடம் "அழுதால் நோய் கூடும்" என்று சொல்வது பொய் மட்டுமன்று, கொடுமையுமாகும். அவர் அழட்டும், நாம் அருகில் இருப்போம்.

வலியையும் மன வேதனையையும் தணிப்பதற்கென்றே தனி மருத்துவம் உண்டு. அது கடைசி நாட்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரில் ஒரு பகுதியினருக்கு அதனைத் தொடக்கத்திலேயே அளித்தார்கள். 2010இல் முடிவு வெளியாயிற்று. அவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது, மற்றவர்கள் 8.9 மாதங்கள் வாழ, இவர்கள் 11.6 மாதங்கள் வாழ்ந்தார்கள். இதுவும் இடைநிலை அளவுதான்.