ஓகே

ஓகே என்பது உடன்பாட்டைத் தெரிவிக்கும் ஆங்கிலப் பேச்சு வழக்குச் சொல்லாகும். தமிழில் இதற்கு ஈடாகச் "சரி" என்னும் சொல் வழங்குகின்றது.

தோற்றம்

இச்சொல் 1839 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகர நாளிதழ் ஒன்றில் அச்சானது. "எல்லாம் சரி" எனப் பொருள்படும் "ஆல் கரெக்ட்" என்னும் தொடரை நகைச்சுவைக்காக "ஓல் கொரெக்ட்" எனப் பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து இச்சுருக்கத்தை உருவாக்கினர். 1840 குடியரசுத் தலைவர் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரனின் ஆதரவாளர்கள் இதனைப் பயன்படுத்தியதால் மேலும் பரவியது. இவ்வரலாற்றை மொழியியலாளர் ஆலன் வாக்கர் ரீட் 1960களில் விளக்கினார்.

பயன்பாடு

தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூர் ஒரு ஏலக்காய் வணிக மையமாகும். இதனை ஒட்டிய ஏலமலைச் சரிவுகளில் தமிழும் மலையாளமும் வழங்குகின்றன. "சரி" என்பது இரு மொழிகளுக்கும் பொதுவான சொல். ஓகேயும் இரண்டிலும் கலந்துள்ளது.

பேச்சில் இவ்விரு சொற்களுக்கும் "ஒப்புக்கொள்கிறேன்" என்பதுடன் "நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன்" என்னும் பொருளும் உண்டு. எனவே கூலியோ விலையோ பேசும்போது ஒருவர் கூறும் "ஓகே" உறுதியான இசைவாகாது. "கிலோ இந்த விலைக்கு ஓகே" எனத் தொகையுடன் கூறும்போதே ஐயம் நீங்குகிறது. 2007இல் நறுமணப் பொருட்கள் வாரியம் போடிநாயக்கனூரில் தொடங்கிய மின்னணு ஏலத்தில் இசைவு சொல்லால் அன்றி எண்ணாலேயே பதிவாகிறது.