வாதம் வந்த கையும் 'கரண்டு' வைத்தியமும்

இரண்டு மாதத்துக்கு முன் ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்துக்குச் சங்க வேலையாகப் போயிருந்தேன். அங்கே எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், வலது கையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். முதலில் பால்மரம் சீவி, பிறகு செம்பனைக் குலை வெட்டி, இருபத்தெட்டு வருஷம் உழைத்த கை அது. பக்கவாதம் அடித்துவிட்டது.

அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, டவுன்ல ஒரு எடத்துல தலையில கரண்டு வெச்சா கை வந்துடும்னு சொல்றாங்க. ஆயிரக்கணக்குல வெள்ளி கேக்குறாங்க. தாலிக்கொடிய அடகு வெச்சிடட்டுமா?"

இப்படி யோசிக்கிற வீடு இன்னும் எத்தனையோ இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கரண்டு வைப்பது சுத்தப் பொய் இல்லை. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரும் அவர் கூட்டாளிகளும் தலைமேல் காந்தச் சுருளை வைத்து, மண்டையைத் திறக்காமலே மூளையைத் தூண்டிக் கையை அசைய வைத்தார்கள். 2000-ல் ஜெர்மனியில் நிட்சே, பவுலஸ் என்ற இருவர் ஈரப் பஞ்சு வழியாக மிக மெல்லிய மின்சாரம் விட்டார்கள். மூளையின் அந்த இடம் கொஞ்ச நேரம் சுறுசுறுப்பாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கையைப் பழக்கினால் பாடம் நன்றாக ஏறும் என்பதுதான் இதன் கணக்கு.

ஏறியதா? அமெரிக்காவில் 12 இடங்களில் 199 பேரைச் சேர்த்துச் சோதித்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. சிலருக்கு நிஜக் காந்தம், சிலருக்குப் போலிக் காந்தம், எல்லாருக்கும் கைப்பயிற்சி. ஆறு மாதம் கழித்து, நிஜம் வைத்தவர்களில் நூற்றுக்கு 67 பேருக்குக் கை தேறியிருந்தது. போலி வைத்தவர்களில்? 65 பேருக்கு! பயிற்சிக்குத்தான் பலன் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த மாதிரி யந்திரங்களை இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதற்குத் தாலிக்கொடி போக வேண்டுமா?

சின்ன வயசில் அம்மாவோடு நிரைக்குப் போய்ச் சீவக் கற்றவன் நான். எத்தனை மரத்தைக் காயப்படுத்தி, எவ்வளவு ஏச்சு வாங்கிய பிறகு பட்டை ஒழுங்காக வந்தது! வாதம் வந்த கைக்கும் அதே பாடம்தான், முதலிலிருந்து. தடவிக் கொடுத்துவிட்டுச் சும்மா வைத்திருந்தால் பாடம் ஏறாது.

இதற்கு நம்ம தமிழர் ஒருவர் கண்ட மலிவான வழி ஒன்று உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரன் சொன்ன கண்ணாடிப் பயிற்சி அது. மேசை நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, வாதக் கையைப் பின்னால் மறைத்துக்கொள்ள வேண்டும். நல்ல கையை அசைத்துக் கண்ணாடியைப் பார்த்தால், விழுந்த கையே அசைவது போலத் தெரியும். அதோடு அந்தக் கையையும் முடிந்த மட்டும் அசைக்க வேண்டும். 1999-ல் 9 பேரிடம் முதலில் பார்த்தார்கள். ஒரு வேளைக்குக் கால் மணி நேரம், தினம் இரண்டு வேளை. பிறகு பல நாடுகளில் சோதித்தும் பலன் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் முழுசாகக் கை வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் சிரம்பான் துவாங்கு ஜாபார் ஆஸ்பத்திரிக்குப் போய், பயிற்சி கொடுப்பவரிடம் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சொக்சோ கட்டியவர்களுக்காக 2014-ல் மலாக்காவில் திறந்த துன் ரசாக் மறுவாழ்வு மையமும் இருக்கிறது. மனு எழுதத் தெரியவில்லையா, சங்கக் கிளைக்கு வாருங்கள்.

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் கண்ணாடி நின்றது. தாலிக்கொடி அண்ணி கழுத்தில்தான் இருந்தது. "கட்டை விரலப் பாரு தம்பி" என்றார் அண்ணன். லேசாக அசைந்தது.