கணினி சொன்ன விடையும் கையால் கண்ட விடையும்

பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் நடத்தி முடித்தபின் மாணவர்களைக் கணினி ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றேன். ஐந்து பேர் வீட்டிலிருந்து பள்ளிக்கு வர ஆகும் நேரம் 10, 12, 14, 16, 18 நிமிடங்கள். முதலில் நோட்டில் செய்யச் சொன்னேன். சராசரி 14. விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 40. அதை ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 2.83.

அதே எண்களை விரிதாளில் உள்ளீடு செய்து எஸ்டிடிஇவி என்ற சார்பைக் கொடுத்தோம். திரையில் 3.16 வந்தது. ஒரு மாணவி சத்தமில்லாமல் தன் நோட்டிலிருந்த 2.83-ஐ அழித்தாள். கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் தப்பா சொல்லுமா டீச்சர்?" என்றாள்.

அவள் விடை சரிதான்; கணினியும் தவறவில்லை. நம் பாடநூல் சூத்திரம் உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கிறது. அந்தச் சார்போ அதில் ஒன்றைக் குறைத்து, அதாவது நான்கால் வகுக்கிறது. 40-ஐ 4-ஆல் வகுத்தால் 10; அதன் வர்க்கமூலம் 3.16.

ஏன் ஒன்று குறைகிறது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதுபோல, பெரிய தொகுதியிலிருந்து எடுத்த ஐந்து எண்கள் இவை என்று அந்தச் சார்பு கொள்கிறது. தொகுதியின் உண்மைச் சராசரி நமக்குத் தெரியாது. எடுத்த எண்களின் சராசரியையே பயன்படுத்துகிறோம். அது அவற்றுக்கு நடுவிலேயே அமைவதால் விலக்கங்கள் சற்றுச் சிறியனவாகிவிடுகின்றன. அதை ஈடுகட்டவே சிறிய எண்ணால் வகுக்கிறார்கள். அந்த ஐவர் மட்டுமே நம் தொகுதி என்றால் எஸ்டிடிஇவிபி என்று தர வேண்டும், 2.83 வந்துவிடும். எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க் இரண்டிலும் இப்படித்தான். புதிய பதிப்புகளில் புள்ளிக்குப் பின் எஸ், பி என்று பிரித்திருப்பார்கள். பாடநூல் கணக்குகளுக்குப் 'பி' உள்ளதே பொருந்தும்.

இதை விளக்கவே பாதி வேளை போயிற்று. வீணென்று நான் நினைக்கவில்லை.

மீதி நேரத்தில் பேருந்தைத் தவறவிட்டவன் கதை. 18-ஐ 48 ஆக்கினால் என்னவாகும்? என்டர் தட்டுமுன் எல்லோரும் ஊகித்து எழுத வேண்டும். சராசரி 20-க்குத் தாவியது. இடைநிலை அளவு 14-இலேயே நின்றது. திட்ட விலக்கம் 14.14 ஆனது. கரும்பலகையில் இப்படி ஓர் எண்ணை மாற்றினால் முழுக் கணக்கையும் மீண்டும் போட வேண்டும். ஒரே கணினிதான் உள்ளதென்றாலும் ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர்கள் ஊகத்தை நோட்டில் எழுதலாம்.