பேஸ் வேண்டும், காதும் வேண்டும்

மனிதச் செவி உணரக்கூடிய ஒலிகள் வினாடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வுகளிலிருந்து 20,000 அதிர்வுகள் வரை, அதாவது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்க, அவற்றுள் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட பகுதியே இசை கேட்போரால் பேஸ் என்று அழைக்கப்படுகிறது. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸிலும், பியானோவின் இடக்கோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கின்றன. ஒரு பாடலின் தாளக்கட்டும் கனமும் இந்தக் கீழ்ப்பகுதியில்தான் தங்கியிருப்பதால், ஹெட்போன் வாங்குவோர் பேஸை முதலில் விசாரிப்பதில் பிழை ஏதும் இல்லை. பேஸ் போதவில்லை என்று தோன்றும்போது அதை ஒலியளவைக் கூட்டி ஈடுசெய்ய முற்படுவதே கேட்டுக்கு வழி வகுக்கிறது. அவ்வாறு தோன்றும் இடங்கள் பெரும்பாலானவற்றில் குறை ஒலியளவில் இருப்பதில்லை. ஹெட்போன் காதோடு பொருந்தாமையிலோ, சுற்றுப்புற இரைச்சலிலோ, கருவியின் ஒலிச்சமநிலையிலோ இருக்கிறது. ஆகவே பேஸ் நன்கு அமைந்த ஹெட்போனைத் தேர்ந்தெடுப்பது இசைச் சுவை சார்ந்த முடிவாக இருக்கும் அதே வேளையில், செவியைக் காக்கும் முடிவாகவும் அமைகிறது.

குறைந்த ஒலியில் பேஸ் மறைவது ஏன்

செவி எல்லா அதிர்வெண்களையும் ஒரே கூர்மையோடு கேட்பதில்லை என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் 1933-இல் அளந்து வரைபடமாக வெளியிட்டனர். அவ்வரைபடத்தின் திருத்திய வடிவம் இன்று ஐஎஸ்ஓ 226 என்னும் பன்னாட்டுத் தரநிலையாக உள்ளது. அதன்படி 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் அளவில் மெல்லக் கேட்கும் ஒரு தொனிக்கு இணையாக 100 ஹெர்ட்ஸ் தொனி கேட்க வேண்டுமானால், அது ஏறத்தாழ 64 டெசிபல் வலுவோடு ஒலிக்க வேண்டும்; 50 ஹெர்ட்ஸ் தொனிக்கோ அந்த அளவு 78 டெசிபலை நெருங்குகிறது. ஒலியளவு உயர உயர இந்த வேறுபாடு சுருங்கிவிடுவதால், ஒரே பாடல் உரத்து ஒலிக்கும்போது பேஸ் நிறைந்ததாகவும் மெல்ல ஒலிக்கும்போது சோகையாகவும் தோன்றுகிறது. கேட்பவரின் விரல் தானாகவே வால்யூம் பொத்தானை நாடுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

பேருந்து, ரயில், விமானம் ஆகியவற்றின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களால் ஆனதாகையால், பயணத்தின்போது அது பாடலின் பேஸ் பகுதியை நேரடியாக மூடிவிடுகிறது. பாடகரின் குரல் கேட்கிறது, தாளத்தின் அடித்தளம் கேட்பதில்லை. வீட்டில் பாதி ஒலியளவில் நிறைவளித்த அதே இயர்போன் பயணத்தில் முழு அளவுக்கு ஏற்றப்படுவது இப்படித்தான்.

கேடு விளையும் இடம் வேறு

உட்செவியில் நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் காக்ளியா என்னும் உறுப்பினுள் ஓடும் மென்சவ்வின் நுழைவாயில் பகுதி உயர்ந்த அதிர்வெண்களுக்கும், சுருளின் உள்முனை தாழ்ந்த அதிர்வெண்களுக்கும் அசைகின்றன. இந்த இயக்கத்தை விளக்கியதற்காக ஜார்ஜ் ஃபான் பெக்கெஷி 1961-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். சவ்வின் மேல் வரிசையாக அமைந்து அசைவை நரம்புத் துடிப்பாக மாற்றும் மயிர்ச்செல்கள் மனிதரில் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, ஒலி எத்தகையதாயினும், பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸை ஒட்டியே முதலில் தலைகாட்டுகிறது. செவிக்குழலின் நீளம் காரணமாக 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் செவிப்பறையை அடையுமுன்பே வலுப்பெறுவதும் அதற்கு ஒரு காரணம்.

ஒருவர் பேஸுக்காக வால்யூமைக் கூட்டும்போது பேஸ் மட்டும் கூடுவதில்லை என்பதை இங்கே கருத வேண்டும். பாடலின் நடுப்பகுதியும் மேற்பகுதியும் அதே அளவுக்கு உயர்ந்து, செவியின் மிக மென்மையான இடத்தைத் தாக்குகின்றன. நாடியது 50 ஹெர்ட்ஸ். இழப்பதோ 4,000 ஹெர்ட்ஸ். இசை கேட்கும் கருவிகளில் பாதுகாப்பாகக் கேட்பதற்கென உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து வகுத்த தரநிலை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரத்தையும், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரத்தையும் வரம்பாகக் கொள்கிறது. டெசிபல் அளவுகோலில் மூன்று கூடினாலே ஒலியாற்றல் இரு மடங்காகிவிடுவதால், 83 டெசிபலில் அந்த வரம்பு 20 மணி நேரமாகவும், 86-இல் 10 மணி நேரமாகவும், 90-இல் வாரம் முழுவதற்குமே 4 மணி நேரமாகவும் சுருங்குகிறது. வால்யூமை இரண்டு மூன்று படி ஏற்றுவது எத்தனை மணி நேர இசையைக் களவாடுகிறது என்பதை இக்கணக்கு காட்டும்.

பேஸ் கசியும் வழி

ஹெட்போனின் பேஸை மற்றெதைக் காட்டிலும் அதிகமாகத் தீர்மானிப்பது, அது காதை எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறது என்பதே. ஒலியை எழுப்பும் சிறு சவ்வுக்கும் செவிப்பறைக்கும் இடையே அடைபட்ட காற்றைச் சவ்வு அழுத்தியும் தளர்த்தியும் தாழ்ந்த ஒலியை உண்டாக்குகிறது. எங்கேனும் இடைவெளி இருந்தால், முனையை விரலால் அடைக்காத சைக்கிள் பம்பைப் போல, அழுத்தம் சேர்வதற்கு முன்பே காற்று வெளியேறிவிடுகிறது. வேகமாக மாறும் உயர்ந்த அதிர்வெண்களில் காற்று கசிவதற்குப் போதிய நேரம் இல்லாததால் அவை தப்பித்துக்கொள்ள, மெல்ல மாறும் பேஸ் மட்டும் வடிந்துபோகிறது. நன்கு அடைத்த நிலையில் பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு சவ்வும் 20 ஹெர்ட்ஸ் வரை இறங்க முடிகிறது. சற்றே நழுவினால் அதே கருவி பத்து டெசிபலுக்கும் மேலாகப் பேஸை இழக்கக்கூடும். விலையுயர்ந்த இயர்போனை வாங்கிவிட்டுப் பேஸ் இல்லை என்று குறைகூறுவோர் பலர், பெட்டியுடன் வந்த மற்ற அளவு ரப்பர் முனைகளைப் பிரித்துக்கூடப் பார்த்திருப்பதில்லை.

ஆகையால் செவிக்குழலுக்குள் நுழையும் வகையைத் தேர்ந்தெடுப்பவர் சிறிய, நடுத்தர, பெரிய முனைகள் மூன்றையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்ப்பது இன்றியமையாதது. இரு காதுகளின் துளைகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லையாகையால், வலப்பக்கத்துக்கு ஓர் அளவும் இடப்பக்கத்துக்கு வேறோர் அளவும் தேவைப்படலாம். சிலிகோன் முனை எதுவும் நிற்காத காதுகளுக்கு, விரலால் நசுக்கிச் செருகியபின் விரிந்துகொள்ளும் நுரைமுனைகள் உதவுகின்றன. காதைச் சுற்றி அமரும் பெரிய ஹெட்போன்களிலோ கண்ணாடியின் கால், பெரிய தோடு, அடர்ந்த கூந்தல் ஆகியவை மெத்தைக்கும் தோலுக்கும் இடையே வழி திறந்துவிடுகின்றன. 40 ஹெர்ட்ஸை ஒட்டிய தொனி ஒன்றை மெல்ல ஒலிக்கவிட்டு, இயர்போனை விரலால் இலேசாக அழுத்தும்போது பேஸ் சட்டென்று பெருகினால், அடைப்பு போதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

செவிக்குழலின் வாயிலில் வெறுமனே அமர்ந்திருக்கும், முனையற்ற இயர்பட்ஸ் வகை இந்த நோக்கில் மிகவும் பின்தங்கியது. அது பேஸையும் வெளியே விடுகிறது, வெளி இரைச்சலையும் உள்ளே விடுகிறது. அமைதியான அறையில் தொலைபேசி உரையாடலுக்கு அது வசதியாக இருக்கலாமே ஒழிய, பேருந்தில் பேஸை நாடுபவருக்கு அதைவிடப் பொருந்தாத கருவி வேறில்லை. கன்னத்தெலும்பின் வழி ஒலியைக் கடத்தும் ஹெட்போன்களிலும் பேஸ் மெலிந்தே இருக்கும். சாலையில் ஓடுவோருக்குச் சுற்றுப்புற ஒலி கேட்கும் என்பதே அவற்றின் பயன்.

மூடியதா, திறந்ததா

பெரிய ஹெட்போன்களில் வெளிப்புறம் மூடப்பட்டவை இரைச்சலைத் தடுத்துப் பேஸைக் காக்கின்றன. 1968-இல் வெளிவந்த சென்ஹைசர் எச்டி 414 தொடங்கிப் புகழ்பெற்ற திறந்த வகையோ, பின்புறம் காற்று புகுமாறு அமைந்து விசாலமான ஒலியைத் தந்தாலும், சாதாரணச் சுருள் சவ்வு கொண்டதாயின் மிகத் தாழ்ந்த பேஸைப் படிப்படியாக இழக்கிறது. தட்டையான காந்தச் சவ்வு கொண்ட பிளேனார் வகை திறந்த அமைப்பிலும் ஆழ்ந்த பேஸைத் தாங்குகிறது; ஆனால் அதன் எடை கழுத்தைச் சோதிக்கும். திறந்த வகை எதுவாயினும் அமைதியான அறைக்கு மட்டுமே உரியது.

பயணிகளுக்கு இரைச்சல் நீக்கும் ஹெட்போன்கள் பெரும் உதவி. வெளி இரைச்சலை நுண்ணொலிவாங்கியால் உணர்ந்து, அதற்கு நேர் எதிரான அலையை எழுப்பி அதை அழிக்கும் இந்நுட்பம், ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது என்ஜின் உறுமலும் பேஸும் மோதிக்கொள்ளும் அதே பகுதியில்தான் மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. உறுமல் அடங்கியதும் மறைந்திருந்த பேஸ் வால்யூமைத் தொடாமலே வெளிப்படுகிறது. சாலையைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இதே நுட்பம் உயிருக்கு ஆபத்தாகலாம்.

எவ்வளவு பேஸ், எந்தப் பேஸ்

ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளர்களான ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2010-களில் நடத்திய தொடர் சோதனைகளில், கேட்போரில் பெரும்பான்மையினர் நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி தரும் ஒலியை ஒத்த ஹெட்போனையே விரும்பினர் என்றும், அதில் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட பேஸ் சில டெசிபல் உயர்ந்திருந்தது என்றும் கண்டனர். அதனினும் மிகுந்த பேஸை நாடிய சிறு பிரிவினரும், குறைந்த பேஸை நாடிய மற்றொரு பிரிவினரும் இருந்தனர். எனவே பேஸை விரும்புவது ரசனைக் குறைவு என்னும் பழைய ஏளனத்துக்கு ஆதாரம் இல்லை.

ஆனால் உயர்த்தப்படும் இடம் முக்கியம். பேஸுக்கென்றே விளம்பரப்படுத்தப்படும் ஹெட்போன்கள் சில 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அல்லாமல் 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைப் புடைக்கச் செய்கின்றன. ஆண்குரலின் அடித்தொனி அங்கேயே இருப்பதால் பாடகர் குடத்துக்குள்ளிருந்து பாடுவதாகத் தோன்றுகிறது. மேலும், தாழ்ந்த ஒலிக்குரிய அசைவு காக்ளியாவின் நுழைவாயிலைக் கடந்தே உள்முனையை அடைய வேண்டியிருப்பதால், வலுத்த பேஸ் தன்னைவிட உயர்ந்த ஒலிகளை எளிதில் மறைத்துவிடுகிறது. சொற்கள் தெளியவில்லை என்று கேட்பவர் மறுபடியும் வால்யூமைக் கூட்டுகிறார். மோசமான பேஸும், பேஸின்மையும் கடைசியில் ஒரே பொத்தானுக்குத்தான் இட்டுச்செல்கின்றன.

இதைக் கண்டறிய மிருதங்கம் சிறந்த கருவி. அதன் தொப்பி எனப்படும் இடந்தலை ஆழ்ந்து முழங்க, வலந்தலை சுருதியோடு இணைந்து கணீரென்று ஒலிக்கும். வலந்தலையின் மேற்சுரங்கள் ஒழுங்கான விகிதத்தில் அமைந்திருப்பதைச் சி. வி. ராமன் 1920-இல் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பு ஒன்று விளக்கியது. தொப்பியில் கும்கி என்னும் வழுக்கும் தொனி வாசிக்கப்படும்போது அது ஏறி இறங்குவது தெளிவாகக் கேட்டு, அதே நேரத்தில் வலந்தலையில் எழும் மீட்டு என்னும் ஒலியும் மங்காதிருந்தால் அந்த ஹெட்போனின் பேஸ் நம்பத்தக்கது. இளையராஜாவின் பாடல்களில் தனி மெட்டாகவே ஓடும் பேஸ் கிட்டாரை ஸ்வரம் ஸ்வரமாகப் பின்தொடர முடிகிறதா, வெறும் அதிர்வாகவே கேட்கிறதா என்று பார்ப்பதும் பயன்தரும். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே உரப்பில் ஒலிக்க வேண்டும். சற்றே உரத்து ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகத் தோன்றிவிடும்.

பெட்டியில் அச்சிட்ட எண்கள்

10 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை என்னும் அறிவிப்பு, அந்த எல்லைகளில் ஒலி எத்தனை டெசிபல் தாழ்கிறது என்று சொல்லாதவரை எதையும் உணர்த்துவதில்லை. சவ்வின் விட்டம் 40 மில்லிமீட்டரா 50 மில்லிமீட்டரா என்பதும் அவ்வாறே. விலையும் வழிகாட்டியாகாது: ஒலி ஆய்வாளர் ஜெரோன் பிரீபார்ட் 2017-இல் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஆராய்ந்து, விலைக்கும் அதிர்வெண் சமநிலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று வெளியிட்டார்.

செயலியால் சரிசெய்தல்

பொருத்தம் சரியாக இருந்தும் பேஸ் போதவில்லை என்றால், அதிர்வெண் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் செயலி உதவும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூன்று முதல் ஐந்து டெசிபல் உயர்த்தி, மொத்த அளவை அதே அளவுக்குத் தாழ்த்துவது நல்லது. தாழ்த்தாவிடில் மின்னலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். குரல் அடைத்தாற்போல் இருந்தால் 200 ஹெர்ட்ஸை ஒட்டி இரண்டு டெசிபல் குறைத்தாலே தெளிவு திரும்பும். தாழ்ந்த அதிர்வெண்களைச் செவி மந்தமாகவே ஏற்பதால், இவ்வாறு பேஸை மட்டும் மிதமாக உயர்த்துவது மொத்த வால்யூமை ஏற்றுவதைவிடத் தீங்கு குறைந்தது.

தூய்மையும் அறிகுறிகளும்

இயர்போனின் வலைக்கண்ணைக் குறும்பி அடைத்துக்கொண்டால் ஒரு பக்கம் மங்கிக் கேட்கும். உலர்ந்த மென்தூரிகையால் அதைத் துடைத்தெடுக்க வேண்டும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் செவிக்குழலை நெடுநேரம் அடைத்து வைத்தால் பூஞ்சைத் தொற்று எளிதில் பற்றும்; நீரிழிவு உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

இசை கேட்டு முடித்தபின் காதில் இரைச்சல் நீடிப்பதும், பஞ்சு வைத்தாற்போல் உலகம் மங்குவதும் மயிர்ச்செல்கள் களைத்ததன் அடையாளங்கள். சில மணி நேரத்தில் அவை தெளிந்துவிட்டாலும் அடிக்கடி நேர்ந்தால் இழப்பு நிலைத்துவிடக்கூடும். அத்தகைய இழப்பு தொடங்கிய ஒருவருக்கு, பேச்சு காதில் விழும், ஆனால் ஸ, ஷ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் நழுவும். பழைய ஹெட்போன் மங்கலாகிவிட்டது என்று எண்ணி அவர் புதியதைத் தேடத் தொடங்குவதும் உண்டு. நேற்றுவரை தெளிவாகக் கேட்ட பாடல் எந்த ஹெட்போனிலும் மங்கிக் கேட்குமாயின், அடுத்ததை வாங்குமுன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை தொனி தொனியாகச் சோதிக்கும் செவித்திறன் பரிசோதனையைச் செய்துகொள்வதே முறை.